பறந்த கிளியும் படலை திறந்த நாயும்: திருகோணமலையில் பிராணி வளர்க்கத் தொடங்குவோருக்கு

ஒரு விடியற்காலை பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. காசை எடுத்துக்கொண்டு படலைக்கு ஓடினேன். ஒழுங்கையில் ஓட்டோவைக் காணவில்லை. பாட்டு மட்டும் விடாமல் கேட்டது, அதுவும் பக்கத்து வளவு வேம்பின் உச்சியிலிருந்து. நடுவில் ஓரிடத்தில் சுருதி வழமைபோலப் பிசகியது. அப்போதுதான் விளங்கியது. மூன்று நாளாக மனையாவெளி முழுக்கத் தேடிய எங்கள் மணியன், கொண்டையை விறைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து நாற்பது அடி தூரத்தில் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருந்தான்.

மணியன் ஒரு கொக்கட்டீல், கொண்டையுள்ள சின்னக் கிளி இனம். அந்த மூன்று நாளில் நான் செய்யக்கூடாத எல்லாவற்றையும் செய்திருந்தேன். கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். தும்புத்தடியால் கிளையை ஆட்டினேன். வீட்டைச் சுற்றிப் பாராமல் வில்லூன்றி வரை போய்த் தேடினேன். அதன் பிறகு வீட்டுக்கு சிங்கன் வந்தான். ரொட்வைலர் கலப்பு, நாற்பத்தைந்து கிலோ. அவனும் இரண்டு தரம் ஓடினான். ஓடியதைத் துரத்தினால் அது இன்னும் தூரப் போகும், நாம் நின்றால்தான் அதுவும் நிற்கும் என்பது பறவைக்கும் நாய்க்கும் பொது என்று அப்படித்தான் படித்தேன்.

வாங்க முன்

பறவை என்றால் கூட்டில் பிறந்து வளர்ந்த இனத்தையே வாங்குங்கள். நம்மவர்கள் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லும் சின்னக் கிளிகள், கொக்கட்டீல், பிஞ்ச் போன்றவை தாராளமாகக் கிடைக்கும். பனைமரப் பொந்திலிருந்து எடுத்த பச்சைக்கிளிக் குஞ்சை ஒருவர் துணிப்பையில் கொண்டுவந்து நீட்டினால் மறுத்துவிடுங்கள். காட்டுப் பறவையைப் பிடித்து வைத்திருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம். அதைவிட, அந்தக் குஞ்சுகளில் பல சாப்பிடப் பழகும் முன்பே செத்துப்போகும்.

நாய் என்றால் அழகைப் பார்க்க முதல் உங்கள் மதிலைப் பாருங்கள். கிடுகு வேலி ஜேர்மன் ஷெப்பர்டுக்குக் காணாது. இன்னொன்று, பெரிய நாய் குட்டியாக இருக்கும்போது யாரும் அதைப் பெரிய நாய் என்று நினைப்பதில்லை. மூன்று மாதக் குட்டி ஆள்மேல் பாய்ந்தால் வீடே சிரிக்கும். ஒரு வருடத்தில் அதே பாய்ச்சல் அம்மம்மாவை விறாந்தையில் விழுத்தும். குட்டியிலேயே நாலு காலும் நிலத்தில் இருந்தால்தான் தடவல் என்று பழக்குங்கள்.

கிளிக்கு வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துகள்

பறவை வெளியே போவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். கூட்டின் தட்டைக் கழுவ இழுக்கும் நேரம், தோளில் கிளி இருப்பதை மறந்து படலைக்குப் போகும் நேரம், பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் தள்ளும் நேரம். மேலே தூக்கித் திறக்கும் சின்னக் கதவுள்ள கூட்டைக் கிளி தானே திறக்கும். சொண்டால் தூக்கி, தலையைக் கொடுத்து, தோளால் நெம்பி வெளியே வரும். ஒவ்வொரு கதவிலும் உடுப்புக் கிளிப் ஒன்றைக் குத்தி வையுங்கள், போதும்.

அறைக்குள் பறக்க விடுவதென்றால் முதலில் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். அதன் பிறகுதான் கூட்டுக் கதவு. யன்னலுக்கு நுளம்பு வலை அடித்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் திரையை இழுத்துவிடுங்கள். வெறும் கண்ணாடியைக் கிளி வெளி என்றே நம்பிப் போய் முட்டும். ஒட்டாத தாச்சியை வெறுமையாக அடுப்பில் காயவிடாதீர்கள். அதிலிருந்து வரும் புகை நமக்குத் தெரியாமலே பறவையைக் கொன்றுவிடும். கூடு குசினிக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

இறகு வெட்டினால் பறக்காது என்று கடைக்காரர் சொல்வார். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் நாளில் வந்து சொல்லட்டும். இறகு வெட்டிய கிளியைக்கூட அந்தக் காற்று மதிலுக்கு மேலால் தூக்கிப்போகும். போனபிறகு திரும்பி வரவோ, காகத்திடமிருந்து தப்பவோ அந்தக் கிளியால் முடியாது.

கொக்கட்டீல் வளர்ப்பவர்களை முதல் மாதத்தில் திடுக்கிட வைப்பது இரவுப் பயம். நடுச்சாமத்தில் கூட்டுக்குள் ஏதோ பேய் புகுந்ததுபோல் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒரு பல்லி ஓடியிருக்கும், அல்லது தெருவில் போன லொறியின் வெளிச்சம் சுவரில் விழுந்திருக்கும். இருட்டில் எங்கே ஆபத்து என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் பறக்கப் பார்க்கும். கையை விடாதீர்கள். மங்கலான விளக்கைப் போட்டு, தூரத்தில் நின்றே வழமையான குரலில் கதையுங்கள். இரவு முழுக்கச் சின்ன பல்ப் ஒன்று எரியட்டும். கொண்டையைப் பார்த்தே அதன் மனதை அறியலாம். நெட்டுக்குத்தாக நின்றால் பயம் அல்லது ஆச்சரியம். தலையோடு ஒட்டப் படிந்து 'உஸ்' என்று சீறினால் கோபம், கை எட்டினால் கொத்து நிச்சயம். பாதி தளர்ந்து சொண்டை அரைத்துக்கொண்டிருந்தால் நித்திரைக்குத் தயார்.

கிளி பறந்துவிட்டது. இனி என்ன?

1. நில்லுங்கள். கண்ணை மட்டும் எடுக்காதீர்கள். எந்தத் திசையில், எந்த மரத்தில் உட்கார்ந்தது என்று ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்க, மற்றவர் கூட்டைக் கொண்டுவரட்டும். கூட்டில் பிறந்த கிளிக்கு வீட்டின் வெளித்தோற்றமே தெரியாது. அதன் வாழ்நாள் முழுக்க வீடு என்றால் உள்சுவர்கள்தான். அதனால் முற்றத்தில் நின்று 'வீட்டுக்கு வா' என்றால் அதற்கு ஒன்றும் விளங்காது. உங்கள் குரலையும் தன் கூட்டையும்தான் அது அடையாளம் காணும்.

2. காற்றைப் பாருங்கள். புதிதாகப் பறந்த பறவை காற்றை எதிர்க்கத் தெரியாமல் அதன் போக்கிலேயே போகும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசும், பின்னேரம் கடற்காற்று எழும்பினால் திசை மாறும். எந்த நேரத்தில் பறந்தது என்பதை வைத்துத்தான் எந்த ஒழுங்கையில் முதலில் தேடுவது என்று முடிவெடுக்க வேண்டும். டச்சு விரிகுடாப் பக்கம் குடியிருப்பவர்கள் காற்று நாளில் கிளியைக் கூட்டோடுகூட வெளியே வைக்காமல் இருப்பதே நல்லது. கடல்மேல் போன கிளி இளைப்பாற மரம் கிடையாது.

3. காகத்தைக் கவனியுங்கள். வெள்ளையும் மஞ்சளுமாக ஊருக்குப் பொருந்தாத நிறத்தில் ஒன்று வந்து குந்தினால் காகங்கள் விடாது. நாலைந்து காகம் ஒரே மரத்தைச் சுற்றிக் கத்தினால் ஓடிப்போய் அந்த மரத்தைப் பாருங்கள். மணியனை இரண்டாம் நாள் இப்படித்தான் ஒரு தரம் கண்டேன். காகத்தைக் கலைக்கக் கல் எறிந்தேன், காகத்தோடு சேர்ந்து அவனும் பறந்துவிட்டான். கல்லை விட்டுவிட்டு மரத்தடியில் போய் நில்லுங்கள். ஆள் நின்றால் காகம் கொஞ்சம் விலகும்.

4. கூட்டை உயரத்தில் வையுங்கள். தண்ணீர்த் தாங்கியின் மேலோ மொட்டை மாடியிலோ, கிளியின் கண்ணில் படும்படி, ஆனால் வெயில் நேரே விழாமல். கதவு திறந்திருக்க, உள்ளே தினைக் கதிரும் தண்ணீரும் இருக்கட்டும். சோடி இருந்தால் அதை வேறொரு கூட்டில் பூட்டிப் பக்கத்தில் வையுங்கள். சோடி கூப்பிடுவதைவிடச் சிறந்த அழைப்பு இல்லை. சோடி இல்லாதவர்கள் கிளியின் சத்தத்தை முன்கூட்டியே கைத்தொலைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே செய்யக்கூடிய வேலை அது. ஒரு நிமிடம் கேட்க விட்டு, இரண்டு நிமிடம் நிறுத்திக் காது கொடுங்கள். விடாமல் போட்டால் அதன் பதில் உங்களுக்குக் கேட்காது.

5. மேலே இருக்கும் கிளி 'வரமாட்டேன்' என்று அடம்பிடிப்பதாக நினைக்காதீர்கள். பலவற்றுக்கு இறங்கத் தெரியாது. அறைக்குள் பறந்து பழகியது நேர்கோட்டில் பறக்கும். முப்பது அடி உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்குவது அதற்குப் புதிய வித்தை. நேர் கீழே நின்று அண்ணாந்து கூப்பிடாமல் கொஞ்சம் தள்ளி, முடிந்தால் பக்கத்து மாடியில் நின்று கூப்பிடுங்கள். கொக்கத்தடியின் நுனியில் அதன் பழைய குந்துதடியைக் கட்டி, மெல்ல நெஞ்சுக்கு நேரே கொண்டுபோனால் சில கிளிகள் ஏறிக்கொள்ளும். தெரியாத தடியைக் கண்டால் எழும்பிப் பறக்கும், ஆகவே பழக்கமான தடியே வேண்டும்.

6. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு பசி வேலை செய்யத் தொடங்கும். பொழுதுபடும் வரை அங்கேயே இருங்கள். இருட்டிவிட்டால் அது அசையாது. எந்தக் கிளை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏணி வைத்து எட்டக்கூடிய உயரம் என்றால் டோர்ச்சை நேரே முகத்தில் அடிக்காமல், துவாயால் ஒரே மூச்சில் மூடி எடுங்கள். எட்டாது என்றால் தொடவே வேண்டாம். இருட்டில் கலைந்த கிளி எங்கே போய் மோதும் என்று சொல்ல முடியாது. விடிய ஐந்தரைக்கு, காகங்கள் கிளம்பும் முன், அதே மரத்தடியில் நில்லுங்கள்.

ஒரு நாள் தாண்டினால் கிளி யாராவது ஒருவர் வீட்டுக் கொடியில் போய்க் குந்தும். கூட்டில் வளர்ந்ததற்கு மனிதர்தான் மந்தை. பாண் ஓட்டோக்காரர், மீன் வண்டிக்காரர், ரியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் ஆகியோருக்குச் சொல்லுங்கள். ஊர் முழுக்க ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றுகிறவர்கள் அவர்கள்தான். அறிவித்தல் போடும்போது ஓர் அடையாளத்தை மட்டும் மறைத்து வையுங்கள். கால் வளையத்தின் நிறமோ, அது பாடும் பாட்டோ எதுவானாலும் சரி. 'உங்கட கிளி எங்களிட்ட இருக்கு' என்று வருபவரிடம் அதைக் கேட்கலாம்.

மணியனை எடுத்தது ஐந்தாவது முறையில். மாடியில் நின்று நானும் அதே பாட்டைப் பிழையான சுருதியோடு விசிலடித்தேன். இரண்டு கிளை இறங்கினான். திரும்ப அடித்தேன். கீழே ஒரு பெடியன், "அக்கா, பாண் முடிஞ்சுதா?" என்று கேட்டான். அரை மணித்தியாலம் கழித்து மணியன் தானாகக் கூட்டின் மேல் வந்து இறங்கினான். பிடிக்கவில்லை. கதவுக்குள் தினையைக் காட்டினேன், தானே நுழைந்தான்.

திரும்பி வந்த கிளியைக் கொஞ்சத் தொடங்காதீர்கள். தண்ணீர், தானியம், துணி மூடிய அமைதியான மூலை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டின் அடியில் இருந்தாலோ மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பூனை தொட்டிருந்தால் கீறல் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே போங்கள், பூனையின் எச்சிலில் உள்ள கிருமி பறவையைச் சீக்கிரமே கொல்லும். பால் பருக்க வேண்டாம், பறவைக்குப் பால் செமிக்காது.

புறா வளர்ப்பவர்கள் இதையெல்லாம் வாசித்துச் சிரிப்பார்கள். புறாவுக்கு வீடு தெரியும். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவுக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே கூடு கட்டும் மாடப்புறாக்களால்தான். நம் கூண்டுப் புறாக்களும் அதே வம்சம். வாங்கிய புறாவை மூன்று நாலு கிழமை கம்பி வலைக்குள் வைத்து, சுற்றாடலைப் பார்க்க விட்டு, பிறகு பசியோடு பின்னேரத்தில் திறந்துவிட்டால் பெரும்பாலும் திரும்பி வரும். வாங்கிய மறுநாளே திறந்தால் விற்றவரிடமே போய்ச் சேரும். காசும் புறாவும் அவருக்கே.

பெரிய நாய்: படலையும் பட்டியும்

சிங்கன் முதல் தரம் ஓடியது படலை திறந்து. யாரும் திறந்துவிடவில்லை. கொண்டியை மூக்கால் தூக்கி, முன்காலால் இழுத்து, உடம்பைத் திருப்பி வெளியேறுவதை இரண்டாம் தரம் விறாந்தையில் இருந்து நானே பார்த்தேன். மூன்று விநாடி. கொண்டிக்கு மேலால் ஒரு ஆமைப்பூட்டு போடுங்கள், அதுதான் மருந்து.

கழுத்துப்பட்டியையும் பாருங்கள். இரண்டு விரல் நுழையும் அளவுதான் இருக்க வேண்டும். ரொட்வைலர் போன்றவற்றின் கழுத்து தலையளவுக்குத் தடித்தது. பயந்து பின்னால் இழுத்தால் பட்டி உங்கள் கையில் மிஞ்சும். நெஞ்சைச் சுற்றிக் கட்டும் வார்தான் இவற்றுக்குச் சரி. பட்டியில் தொலைபேசி இலக்கம் எழுதிய தகடு இருக்கட்டும்.

ஊருக்குப் புதியவர்களுக்குத் தெரியாத ஒன்று மான். பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயில் போகும் வழியிலும் மட்டுமல்ல, நகரத் தெருவிலும் புள்ளிமான்கள் மாடுபோல் நடக்கும். ஒரு காலை கடற்கரையோரம் சிங்கனோடு போனபோது கொம்புள்ள கலைமான் ஒன்று குப்பைத்தொட்டிப் பக்கத்தில் நின்றது. சிங்கன் விறைத்து நின்றான். நான் கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றினேன் (செய்யக்கூடாது, விரல் முறியும்). பாயப்போகிறான் என்று நினைத்தேன். மான் தலையைத் தூக்கி, முன்காலால் தாரில் ஒரு தட்டுத் தட்டியது. டக். அவ்வளவுதான். நாற்பத்தைந்து கிலோவும் திரும்பி என் கால்களுக்கு நடுவில் புகுந்தது, நான் மண்ணில் இருந்தேன்.

எல்லா நாயும் பின்வாங்காது. புள்ளிமான் பாதுகாக்கப்பட்ட விலங்கு. உங்கள் நாய் துரத்தி மான் வாகனத்தில் அடிபட்டால் பொறுப்பு உங்களுடையது. கோட்டைப் பக்கம் நாயைக் கொண்டுபோகவே வேண்டாம் என்பது என் கருத்து. தெருநாய்களுக்கு எல்லை உண்டு, ஒழுங்கை மூலையில் ஒரு கூட்டம் முடிந்து அடுத்த கூட்டம் தொடங்கும். உங்கள் நாய் எவ்வளவு பெரிதென்றாலும் அங்கே அது அந்நியன். கையில் குடை கொண்டுபோங்கள். எதிரே பாய்ந்து வரும் நாய்க்கு முன்னால் குடையைச் சட்டென்று விரித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கல் தேடக் குனிவதைவிட இது மேல்.

வெயில், கடல்

பெரிய நாய்க்கு நம்மைப்போல் உடம்பு முழுக்க வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். வைகாசி, ஆனி மாதங்களில் காலை ஆறரைக்கு முன் நடை முடிய வேண்டும். புறங்கையைத் தார் றோட்டில் வையுங்கள், உங்களால் ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. முரசு (பல் ஈறு) கடும் சிவப்பாகி, தள்ளாடி, வாந்தி எடுத்தால் வெப்பத்தாக்கம். நிழலுக்கு இழுத்து, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, காற்றுப் பிடித்தபடியே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஈரச் சாக்கால் போர்த்தால் சூடு உள்ளேயே தங்கும்.

கடற்கரையில் நாய்கள் செய்யும் முதல் அதிசயம், அழுகிய மீனைத் தேடிப்பிடித்து அதில் புரள்வது. திட்டிப் பயனில்லை, அதற்கு அது அத்தர். புரண்டால் குளிப்பாட்டலாம், தின்றால்தான் பயம். வலையிலிருந்து எறிந்த பேத்தை மீன் கரையில் ஊதிக் கிடக்கும். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. 'விடு' என்ற ஒரு சொல்லைக் கடலுக்குப் போகமுதல் வீட்டிலேயே பழக்குங்கள். கடல்நீரைக் குடித்தாலும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், ஆகவே ஒரு போத்தல் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள்.

நெஞ்சு ஆழமான பெரிய இனங்களுக்குச் சாப்பாடு முடிந்ததும் ஓட்டம் கூடாது. வயிறு ஊதி, வாந்திக்கு முயன்று ஒன்றும் வராமல் தவித்தால் இரைப்பை முறுகியிருக்கலாம். காலை வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள், மணித்தியாலக் கணக்கில் உயிர் போகும்.

வெடிச் சத்தத்துக்கு ஓடிய நாய்

தீபாவளி, வருடப்பிறப்பு, நவராத்திரியில் கும்ப ஊர்வலம் தெருவுக்கு வரும் இரவுகள், மாரியில் இடி. மதில் தாண்டாத நாயும் அன்றைக்குத் தாண்டும். பொழுதுபட முன் நடை முடித்து, உள்ளறையில் விட்டு, ஃபேனையும் ரேடியோவையும் போடுங்கள். குளியலறை மூலையில் போய் ஒடுங்கினால் வெளியே இழுக்காதீர்கள், தனக்குப் பாதுகாப்பான இடத்தை அது கண்டுபிடித்திருக்கிறது.

ஓடிவிட்டால்: துரத்தாதீர்கள். பயத்தில் ஓடும் நாய்க்குப் பின்னால் வரும் காலடி எல்லாம் ஒன்றுதான், உங்களுடையதும். கண்டால் பக்கவாட்டில் திரும்பி நிலத்தில் குந்துங்கள். அதைப் பாராமல், சாப்பாட்டுக் கோப்பையைக் கரண்டியால் தட்டுங்கள். விளையாட்டுக்கு ஓடும் நாய் என்றால் எதிர்ப்பக்கம் நீங்கள் ஓடுங்கள், அது உங்களைத் துரத்தும். காணாமல் போன இடத்தில் நீங்கள் உடுத்த சட்டையை வைத்துவிட்டு, விடியற்காலையில் போய்ப் பாருங்கள். வந்ததும் அடிக்காதீர்கள். வந்ததற்கு அடி விழுந்தால் அடுத்த முறை அது வராது.

நாய் சாய்ந்து நின்றால் அன்பு என்பார்கள், வாலாட்டினால் நட்பு என்பார்கள். முதலாவது பெரும்பாலும் சரி. இரண்டாவதை நம்பாதீர்கள். உடம்பு விறைத்து, வால் உயர்ந்து மெல்ல ஆடினால் விலகுங்கள். கொட்டாவி விட்டு, உதட்டை நக்கி, முகத்தைத் திருப்பினால் 'என்னை விடு' என்று அர்த்தம். உறுமுவதற்காக அடிக்கவே கூடாது. அடிவாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

கடி பட்டால், சொந்த நாய் கடித்தாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் பூச வேண்டாம். நாயைக் கொல்லவோ கலைக்கவோ வேண்டாம், கட்டி வைத்து 14 நாள் கவனிக்கச் சொல்வார்கள். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி வந்தபின் காப்பாற்ற வழியில்லை, தடுப்பூசி மட்டும்தான். ஆகவே நாய்க்கு வருடா வருடம் ஊசி போட்டு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நாயைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் இங்கே 1901 முதல் உண்டு. உங்கள் உள்ளூராட்சி சபையில் பதியும்போது அந்த அட்டையைத்தான் கேட்பார்கள்.

படலைக்கு ஆமைப்பூட்டு போட்ட மறுநாள் சிங்கன் அதை இரண்டு தரம் மோந்து பார்த்தான். பிறகு தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய், மதிலடியில் மண் தோண்டத் தொடங்கினான். அங்கே இப்போது கருங்கல் அடுக்கியிருக்கிறோம்.